பழைய டிராக்டர் கொதிக்கிறதா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

சேற்றுழவு நடந்துகொண்டிருக்கிறது. வாய்க்கால் முறைத் தண்ணீர் இன்று மாலை வரைதான். நாற்றுப் பறித்தாகிவிட்டது, நாளைக் காலை நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் டிராக்டர் ஆவி கக்கி வரப்போரம் நின்றுவிட்டால், நஷ்டம் டிராக்டருக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் அல்ல. அந்த டிராக்டரை நம்பி வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கும் பக்கத்து நிலத்துச் சிறு விவசாயிகளுக்கும் முறை தவறிப்போகிறது, நாற்று முற்றிப்போகிறது.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் பகுதியிலும், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய வில்லியனூர் பகுதியிலும் இருபது, முப்பது ஆண்டு உழைத்த டிராக்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாசி பெர்குசன் 1035, மகிந்திரா பி-275, எச்.எம்.டி. 2511 போன்றவை சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவை. இவற்றின் எஞ்சின் எளிமையானது. பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்த்துவிடுவார். ஆனால் வயதாக ஆக இவற்றுக்கு வரும் பொதுவான தொல்லை, சூடு தாங்காமை.

“பெரிய ரேடியேட்டர் போட்டுவிடுங்கள்” என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. பல நேரங்களில் அது தேவைப்படுவதில்லை. புதிய டிராக்டராக வந்தபோது இதே ரேடியேட்டர்தான் இதே சித்திரை வெயிலைத் தாங்கியது. இடையில் என்ன மாறியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே, கூடுதல் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏன் கொதிக்கிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பம் முழுவதும் உழவு வேலையாக மாறுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கி, ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 4 லிட்டர் டீசல் எரிக்கும் டிராக்டரில், வெப்பத்தில் கால் பங்கு மட்டுமே தண்ணீருக்கு வந்தாலும் அது மணிக்குச் சுமார் 8,600 கிலோ கலோரி ஆகும். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேடுக்குக் கொண்டுவர 700 கிலோ கலோரி போதும். அதாவது, ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தால் லேசான வேலையில் தெரியாது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கியதும் தெரிந்துவிடும்.

காரையும் டிராக்டரையும் பிரிக்கும் முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாலையில் ஓடும் காருக்கு எதிர்க்காற்று தானாகக் கிடைக்கிறது. சேற்றுழவில் நடை வேகத்தில் நகரும் டிராக்டருக்கு அந்த உதவி இல்லை. பேன் இழுக்கும் காற்றே முழு ஆதாரம். 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரை இன்றும் வைத்திருப்பவர்கள் செய்யும் சில மாற்றங்கள் டிராக்டருக்கும் பொருந்தும், சில பொருந்தா.

வெளியே அடைக்கும் தூசும் சாவியும்

1901ஆம் ஆண்டு வந்த மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குறைந்த தண்ணீரை நிறையக் காற்றுக்குக் காட்ட வேண்டும் என்பதே அதன் தத்துவம். இன்றைய ரேடியேட்டர்களும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஆகவே காற்று புகும் சந்து அடைபட்டால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் பயன்படாது.

கதிரடிக்கும் களத்தில் நிற்கும் டிராக்டரின் தகட்டு இடுக்குகளில் வைக்கோல் துணுக்கும், நெல் சாவியும், பூச்சியும் சேர்கின்றன. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தூசு பசை போல ஒட்டிக்கொள்கிறது. முன்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். காற்று முன்னிருந்து பின்னாக இழுக்கப்படுவதால், பேன் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கிக் கழுவ வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, மிதமான வேகத்தில் பீய்ச்சினால் போதும். வேகம் கூடினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுவழியை அடைத்துவிடும். களத்து வேலையின்போது முன்னால் ஒரு கம்பி வலை கட்டி, அவ்வப்போது உதறிவிடலாம்.

உள்ளே படியும் உப்பு

இதுவே அதிகம் கவனிக்கப்படாத காரணம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், பக்கத்தில் எந்தத் தண்ணீர் கிடைக்கிறதோ அதை ஊற்றிவிடுவது வழக்கம். மோட்டார் கொட்டகைத் தண்ணீரோ, வாய்க்கால் தண்ணீரோ பெரும்பாலும் கைக்கு எட்டுவது. நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோரக் கிராமங்களின் பக்கம் நிலத்தடி நீரில் உவர்ப்பு ஏறுவது பாசனத்துக்கு மட்டும் கெடுதல் அல்ல, எஞ்சினுக்கும் கெடுதல். உள்நாட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் உண்டு. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவேதான் எஞ்சினின் உள்சுவரிலும் படிகிறது.

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1,000 மில்லி கிராம் உப்புள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஊற்றி, அது ஆவியாகப் போனால், ஒரு நாளில் 2 கிராம் உப்பு சேரும். 100 நாள் உழவில் 200 கிராம். அதில் ஒரு பகுதி படிந்தாலும் மெல்லிய குழாய்கள் அடைபடப் போதும். படிவு இரும்பைப் போல வெப்பத்தைக் கடத்தாது. அதனால் அடியில் இருக்கும் எஞ்சின் சுவர், மீட்டர் காட்டுவதைவிடக் கூடுதலாகச் சூடேறிக்கொண்டே போகும். உவர் நீரிலுள்ள குளோரைடோ இரும்பையும் பற்றவைப்பையும் அரிக்கிறது.

பாசனத்துக்காக எடுத்த நீர்ப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால், அதையே இதற்கும் பார்த்துக்கொள்ளலாம். மின் கடத்துதிறனும் கடினத்தன்மையும் மிகுந்த நீர் எஞ்சினுக்கு ஆகாது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். நீர்ப் பரிசோதனைக்கு எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைக் குரும்பாபேட்டையிலுள்ள அந்த நிலையத்திலோ, பகுதி வேளாண் அலுவலகத்திலோ கேட்டறியலாம்.

மழை நீர் இலவசம்

செலவில்லாத நல்ல தண்ணீர் வானத்திலிருந்தே கிடைக்கிறது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெய்துவிடுகிறது. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடியோ கூரையோ கழுவப்பட்ட பிறகு வரும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து வைக்க வேண்டும். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு கூரையில் படிவதால் இந்தக் கழுவல் அவசியம். நாலைந்து கேன் இருந்தால் ஒரு டிராக்டருக்கு ஆண்டு முழுவதும் போதும். பிடிக்க முடியாதவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை வாங்கலாம்.

ஆனால் மழை நீரை மட்டும் ஊற்றி நிறுத்திவிடக் கூடாது. துருத் தடுப்பு மருந்து இல்லாத வெறும் நீர், அது எவ்வளவு சுத்தமானாலும், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அதனால்தான் கூலண்ட் என்ற பச்சை அல்லது சிவப்புத் திரவம் தேவைப்படுகிறது. அது பனிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் நம் ஊருக்கும் தேவையான வேலைகள். சிலிண்டர் லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும் எஞ்சின்களில், லைனரின் வெளிப்புறத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் விழுவதையும் அது குறைக்கிறது.

அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்று எண்ண வேண்டாம். கூலண்ட் மருந்து தண்ணீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும். பாதிக்கு மேல் கலப்பது நமது வெயிலுக்கு ஆகாது. டப்பாவில் எழுதியுள்ள விகிதப்படி கலக்க வேண்டும். கலந்தே விற்கும் வகையில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டு நிறத்து வகைகளை ஒன்றாகக் கலப்பதும் கூடாது.

கழுவும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயையும், எஞ்சின் பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறந்து தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளக்க வேண்டும். டிராக்டரின் கையேட்டில் 10 லிட்டர் என்றிருக்க, 8 லிட்டர்தான் வந்தது என்றால், தண்ணீர் ஏற்கெனவே குறைந்திருந்தது, அல்லது படிவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி நிரப்பும்போதும் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். செங்கல் நிறம் போகாவிட்டால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை 10 லிட்டருக்கு அரை கிலோ வீதம் கரைத்து ஊற்றி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினை அரை மணி நேரம் வேலையில்லாமல் ஓட்டி, ஆறவிட்டு வடிக்கலாம். இரவு முழுக்க ஊற வைக்கக் கூடாது. பிறகு ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறையும், வெறும் தண்ணீரால் இரண்டு முறையும் அலச வேண்டும். அலுமினிய ரேடியேட்டரோ, அலுமினிய வாட்டர் பம்ப்போ உள்ள எஞ்சினுக்கு இந்த முறை வேண்டாம். மிகப் பழைய ரேடியேட்டரில் படிவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கக் கூடும். கழுவியதும் கசிந்தால் அதற்குப் பற்றவைப்பு வேலை காத்திருந்தது என்றே கொள்ள வேண்டும். எனவே உழவு நெருக்கடியில் இதைத் தொடங்காமல், வேலை ஓய்ந்த நாட்களில் செய்வதே நல்லது.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். நடுவழியில் நின்ற வண்டியை வீடு கொண்டு சேர்க்க அது உதவலாம். அப்படியே விட்டுவிட்டால், ஓட்டையை அடைத்த தூளே நல்ல குழாய்களையும் அடைக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

“அதை எடுத்துப் போட்டுவிட்டால் சூடே ஆகாது” என்று சொல்லிக் கழற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது தவறு. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் லேசான வேலையில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். டீசல் சரியாக எரியாமல் கரும்புகை தள்ளும். எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும். சிலிண்டர் சீக்கிரம் தேயும். சேமித்தது ஒரு சிறு கருவியின் விலை. இழப்பது எஞ்சினின் ஆயுள்.

அது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். அதன் மேலேயே பொறித்திருக்கும் வெப்பநிலையில், பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி, திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காவிட்டால் புதியது வாங்க வேண்டும்.

பேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தொய்வதே சரி. ஹோஸ் பைப் கல்லாக இறுகியோ, ஊறிப் பருத்தோ இருந்தால் மாற்ற வேண்டும். அடிப்பக்க ஹோஸ் தளர்ந்துபோனால், பம்ப் இழுக்கும் வேகத்தில் அது உள்ளே ஒட்டித் தண்ணீர் வழியை மூடும்.

எந்த மாற்றத்துக்குச் செலவு செய்யலாம்?

இவ்வளவையும் செய்த பிறகும் சேற்றுழவில் முள் ஏறினால், கீழ்க்கண்ட வரிசையில் செலவு செய்வது சிக்கனமாக இருக்கும்.

முதலாவது, வேலை செய்யும் ஒரு வெப்ப மீட்டர். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இது செத்துப் பல காலம் ஆகியிருக்கும். ஆவி வந்த பிறகு தெரிவதைவிட, முள் ஏறும்போதே கியரைக் குறைப்பது எஞ்சினைக் காக்கும்.

இரண்டாவது, பேனைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு. பழைய வண்டிகளில் இது உடைந்து, கழற்றி எறியப்பட்டிருக்கும். கூடு இல்லாத பேன், பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும். கூடு இருந்தால் ரேடியேட்டரின் மூலை முடுக்கு வழியாகவும் காற்று இழுக்கப்படும். எதிர்க்காற்று இல்லாத வயல் வேலையில் இதன் பலன் பெரிது. வெல்டிங் பட்டறையில் தகடு வளைத்துச் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடியும் வழிதல் பாட்டிலும். சுமார் 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, தண்ணீரின் கொதிநிலையை 111 டிகிரி அளவுக்கு உயர்த்தும். சூட்டில் வெளியேறும் நீர் பாட்டிலில் தங்கி, ஆறியதும் திரும்பவும் உள்ளே போகும். உவர் நீர் ஊற்றும் தேவையே குறையும். இதற்கென்றே உள்ள, திரும்ப உறிஞ்சும் வால்வு கொண்ட மூடியாகக் கேட்டு வாங்க வேண்டும். கையேட்டில் சொன்னதைவிட அதிக அழுத்த மூடியைப் போட்டால் பழைய பற்றவைப்பு விட்டுப்போகும்.

நான்காவதுதான் ரேடியேட்டர் மாற்றம். செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல், கீழ் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுக்கூட்டை மட்டும் புதிதாக்கலாம். வரிசை கூடக் கூடக் குளிர்ச்சியும் அதே அளவு கூடும் என்று எண்ணக் கூடாது. பின்வரிசைக் குழாய்களுக்குக் கிடைப்பது முன்வரிசை சூடாக்கிய காற்றுதான். பழைய கார்களுக்கு நெருக்கமான தகடுகள் ஏற்றவை. வைக்கோலிலும் புழுதியிலும் நிற்கும் டிராக்டருக்குச் சற்று இடைவெளி விட்ட தகடுகளே நல்லது, கழுவ எளிது. கார்களில் மாட்டும் மின்சார பேன், பழைய டைனமோவுக்குச் சுமை.

தண்ணீரே இல்லாத எஞ்சின்களும் உண்டு. 1959இல் பரிதாபாத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஐச்சர் டிராக்டர்கள் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. அத்தகைய எஞ்சின் வைத்திருப்போர் சிலிண்டர் மீதுள்ள தகடுகளைச் சுத்தமாக வைத்தால் போதும்.

எண்ணெய் எஞ்சினுக்கு ஒரு டிரம்

மின்மோட்டார் வந்த பின்னும் சிலர் கைவிடாத பழைய டீசல் எண்ணெய் எஞ்சின்களுக்கும் இதே பாடம்தான். இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கை எஞ்சின் வழியாக ஓடவிடும் அமைப்பில், நாள் முழுவதும் புதுப்புது உப்பு உள்ளே போகிறது. அதற்குப் பதில் 200 லிட்டர் டிரம் ஒன்றில் மழை நீர் நிரப்பி இணைக்கலாம். சூடான நீர் மேல்குழாய் வழியே டிரம்முக்கு ஏறும். ஆறிய நீர் அடிக்குழாய் வழியே எஞ்சினுக்கு இறங்கும். பம்ப் தேவையில்லை. 1908இல் வந்த போர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவை வாட்டர் பம்ப் இல்லாமல் இந்த முறையில்தான் ஓடின. டிரம்மில் நீர்மட்டம் மேல்குழாய்க்கு மேலே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும்.

கொதித்துவிட்டால்

முள் ஏறியதும் கலப்பையைத் தூக்கிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, குறைந்த வேகத்தில் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். மூடியை அப்போதே திறக்கக் கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் கழித்து, சாக்கை மடித்துப் பிடித்து, முதல் படி வரை மட்டும் திருப்பி ஆவியை விட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் அடிக்கடி கொதித்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால்காப்பி நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது.

மாடு குடித்துவிடாமல் பாருங்கள்

கூலண்ட் மருந்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, கடுமையான விஷம். சிறிதளவு குடித்த நாயும் கன்றும் சிறுநீரகம் கெட்டு இறக்கக் கூடும். பழைய கூலண்ட்டை வடிக்கும் பாத்திரத்தைக் கொட்டகையில் திறந்து வைக்கவோ, வாய்க்காலிலோ குட்டையிலோ ஊற்றவோ கூடாது. மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கும் கால்நடை வாய்க்கும் எட்டாத இடத்தில் வைத்து, பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

சம்பா நடவு முடிந்து டிராக்டருக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் மழை நீரைப் பிடித்து வைக்கலாம். அறுவடைக்குப் பின் கழுவி, புதிய கூலண்ட் நிரப்பலாம். பங்குனியில் பெல்ட், ஹோஸ், மூடி மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டால், சொர்ணவாரிச் சேற்றுழவில் பழைய டிராக்டரும் கொதிக்காமல் வேலை செய்யும்.